கேட்ட பிறகு முடிவெடுங்கள்

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊர்ப் பக்கம் ஒரு பெரிய ஆலை வருகிறது, அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை ஒன்று இருக்கிறது. அதன்படி 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி, கூட்டம் கலையும் முன் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டங்கள் எல்லா ஊரிலும் யோக்கியமாக நடக்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும், கேட்டாக வேண்டும் என்று எழுத்தில் இருக்கிறது. கேட்காமல் விட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அதே ஊரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடி, வேறோர் ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடுகிறார்கள். அல்லது ஓபி நேரத்தை மாற்றுகிறார்கள், லேபை இடம் மாற்றுகிறார்கள், இரவு டூட்டி டாக்டரை எடுத்துவிடுகிறார்கள். எந்த ஆஸ்பத்திரியையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை, எங்கும் நடக்கக்கூடியது. இதைச் செய்வதற்கு முன் ஊர் மக்களைக் கேட்டாக வேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது. புகைபோக்கி வருவதற்கு நம் கருத்து வேண்டும், பிள்ளைப்பேறு வார்டு போவதற்கு வேண்டாம். இந்த நிலை மாற வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

கேரளத்தில் போய் இதைப் பேச வேண்டுமா என்று தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. 2023ஆம் ஆண்டின் கணக்குப்படி, பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை கேரளத்தில் 5. இந்தியா முழுவதற்கும் 25. இந்த மாநிலத்து மக்களின் குரலுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தவர். 1980இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார்: கேரளத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நாள் ஆள் இல்லாமல் போனால், பக்கத்துக் கலெக்டர் அலுவலகத்தின் முன் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்துவிடும், மக்கள் தங்களுக்கு உரியது எது என்று தெரிந்து கேட்பார்கள் என்று. நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பலரும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்ப்பாட்டம் என்பது, போன பிறகு கேட்பது. டாக்டர் போய்விட்டார், அதற்குப் பிறகு கொடி பிடிக்கிறோம். கொடி பிடிக்கத் தெரிந்த ஊர் பாக்கியம் செய்த ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் போவதற்கு முன்பே நம்மை உட்கார வைத்துக் கேட்டிருந்தால் பாதிக் கொடிகளுக்கு வேலை இருந்திருக்காது.

முன்கூட்டியே கேட்கும் வழியையும் இந்த மாநிலம்தான் முதலில் பெரிய அளவில் போட்டது. 1994இல் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் நகராட்சிச் சட்டமும் வந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளின் கைக்கும், பெரிய ஆஸ்பத்திரிகள் அதனதன் அளவுக்கேற்ப நகராட்சி, மாவட்டப் பஞ்சாயத்துகளின் கைக்கும் மாறின. 1996 ஆகஸ்ட் 17, மலையாளச் சிங்ஙம் மாதப் பிறப்பன்று, மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்றார்கள். என்ன செய்யலாம் என்பதைக் கிராம சபையில் மக்கள் குழுக் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். சுகாதாரத்துக்கென்று தனிக் குழு இருந்தது. கிணற்றுத் தண்ணீரும் கழிப்பறையும் துணை சுகாதார நிலையத்தின் ஓட்டைக் கூரையும் அதில் பேச்சுக்கு வந்தன. தமிழ்நாட்டில் இன்றும் ஆரம்ப சுகாதார நிலையம் மாநிலத் துறையின் நேர் நிர்வாகத்தில் இருக்கிறது. இங்கே முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊரின் கைக்கு வந்தது.

வந்தது முழுதாக வரவில்லை. கட்டடம், கருவி, மருந்துக்குக் கூடுதல் பணம், தற்காலிக ஊழியர் ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. நிரந்தர டாக்டர், நர்ஸ், அவர்களுடைய நியமனம், இடமாற்றம் எல்லாம் மாநில சுகாதாரத் துறையிடமே நின்றுவிட்டன. ஆகவே ஓர் அக்கா போய்க் கவுன்சிலரிடம் “பிள்ளைகள் டாக்டரை ஏன் எடுத்துவிட்டீர்கள்?” என்று கேட்டால், அவர் மாவட்ட மருத்துவ அதிகாரியைக் காட்டுவார். மாவட்ட அதிகாரி திருவனந்தபுரத்து இயக்குநரகத்தைக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. அதிகாரம் உண்மையிலேயே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. அந்த அக்கா கேட்ட கேள்விதான் நடுவில் காணாமல் போகிறது.

கொச்சி நகரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. கிராமத்தில் வாக்காளர் எல்லாரும் கிராம சபையின் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நகராட்சியிலும் வார்டு சபை என்று அதே ஏற்பாடு. ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரத்துக்குச் சட்டம் வைத்திருப்பது வார்டு கமிட்டி. கவுன்சிலர் தலைவர், குடியிருப்போர் சங்கம், அக்கம்பக்கத்தார் கூடும் அயல்கூட்டம், கட்சிகள், பள்ளித் தலைமையாசிரியர்கள், தொழிற்சங்கம், வணிகர்கள் என்று பிரதிநிதிகள் அதில் உட்காருவார்கள். 1967 நவம்பர் 1ஆம் தேதி எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகளையும் சில பஞ்சாயத்துகளையும் சேர்த்துக் கொச்சி மாநகராட்சி பிறந்தது. அது ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரம். அதனால் பக்கத்துச் செல்லானம் பஞ்சாயத்து மீனவருக்குக் கிராம சபையில் உள்ள நாற்காலி, நகரத்துக்குள் இருக்கும் கூவப்பாடத்து வாக்காளருக்கு உரிமையாகக் கிடையாது. அவர் சார்பில் யாரோ ஒருவர் போகிறார். யார் போகிறார் என்பது பல தெருக்களுக்குத் தெரியாது. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் லாட்ஜில் ஒண்டியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று ஏது? நகரத்தில் ஆஸ்பத்திரியை அதிகம் நம்பியிருப்பவர்கள் அவர்களே.

இதில் தமிழ்நாடு பிந்தி வந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்தது. 2022 நவம்பர் 1 முதல் அங்கே நகரங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஒரு வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர்களைக் கூட்டுகிறார்கள். அதிலும் ஆயிரம் ஓட்டைகள் இருக்கும். ஆனால் தெருவில் குடியிருப்பவரே நேரில் எழுந்து பேசலாம். கொச்சி போன்ற நகரங்களுக்கு அந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்பதில் நமக்குக் கூச்சம் தேவையில்லை.

மாற்றம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2017இல் கேரள அரசின் ஆர்த்ரம் திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றினார்கள். மத்தியானத்தோடு முடிந்துகொண்டிருந்த ஓபி மாலை 6 மணி வரை நீண்டது. ஒரு டாக்டர் இருந்த இடத்தில் மூன்று பேர் என்றார்கள். மூச்சுத் திணறலுக்கு ‘சுவாஸ்’, மனச்சோர்வுக்கு ‘ஆஸ்வாசம்’ என்று தனிக் கவனிப்பு வந்தது. மனச்சோர்வை ஊர் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம் என்பது எத்தனை வீடுகளுக்கு உயிர்ப் பிச்சை! இப்படிப்பட்ட மாற்றத்துக்குத்தான் கேட்பது இன்னும் அவசியம். மாலை ஓபி நல்லது. ஆனால் மாலையில் லேபும் மருந்தகமும் திறந்திருக்குமா? சீட்டெழுதிக் கொடுத்து நாளைக்கு வா என்றால் கூலிக்காரருக்கு மாலை ஓபியால் என்ன பயன்? இந்தக் கேள்வியைக் கோப்பு பார்ப்பவர் கேட்க மாட்டார். வரிசையில் நிற்பவர்தான் கேட்பார்.

கேட்காததற்கு ஓர் எடுத்துக்காட்டு, பெயர் மாற்றம். 2023 நவம்பரில் மத்திய அரசு, தன் நிதியுதவியில் நடக்கும் ஆரோக்கிய மையங்களுக்கெல்லாம் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று பெயர் வைக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. கேரள அரசு மறுத்தது. நிதியை ஒட்டிப் பல மாதம் இழுபறி. 2024இல், பழைய பெயரையும் வைத்துக்கொண்டு புதுப் பெயரையும் பலகையில் சேர்ப்பது என்று முடிந்தது. யார் சரி யார் தப்பு என்பது அரசியல் மேடையில் பேச வேண்டியது. எனக்கு வருத்தம், அந்தப் பலகைக்குக் கீழே தினமும் நிற்கும் பெண்களிடம் இரண்டு அரசுகளில் எதுவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில்தான். கேட்டிருந்தால் பெயரைப் பற்றி அவர்கள் அதிகம் பேசியிருக்க மாட்டார்கள். பெஞ்சு, கழிப்பறை, இன்சுலின் பற்றிப் பேசியிருப்பார்கள்.

கேட்காததற்கு இன்னும் பெரிய விலை கொடுத்ததும் உண்டு. யானைக்கால் நோய்க்குக் கும்பகோணத்தை எப்படிச் சொல்வார்களோ, அப்படிப் பழைய ஆங்கிலேயர்கள் இந்த ஊரின் பெயரையே அந்த நோய்க்கு வைத்தார்கள், ‘கொச்சிக் கால்’ என்று. மலையாளத்தில் மந்து. அதை ஒழிக்க 2004 முதல் நாடு முழுவதும், நோய் உள்ள மாவட்டங்களில் எல்லாருக்கும் ஆண்டுக்கொரு நாள் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டு வாசலில் வாங்கிக்கொண்டவர்களில் நிறையப் பேர் விழுங்கவில்லை. உடம்பில் ஒன்றும் இல்லாத எனக்கு எதற்கு மாத்திரை, மயக்கம் வந்தால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு முதலில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. நோயை ஒழிக்க வைத்த கெடு 2015, பிறகு 2020ஐ ஒட்டி, இப்போது 2027. கொடுத்த கணக்கு ஒன்று, விழுங்கிய கணக்கு வேறு என்பதைப் பல மாவட்டங்களின் ஆய்வுகள் காட்டின. கலந்து பேசுவது மரியாதைக்காக மட்டும் செய்வதில்லை. கலந்து பேசாத வைத்தியம் வயிற்றுக்குள் போவதே இல்லை.

நம் மட்டாஞ்சேரிக்கு வருகிறேன். ஒரு கல்லெறி தூரத்தில் இரண்டு அரசுகள் இருந்த ஊர் இது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுடையது. ஃபோர்ட் கொச்சி ஆங்கிலேயருடையது. மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் சேர்ந்தது. இந்தியாவிலேயே முதலாவதான 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் அந்தப் பக்கத்துக்கு. இந்தப் பக்கத்துக்கு 1955இல் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம். மாநிலம் ஒன்றான பிறகும் இரண்டு சட்டங்களும் ஓடிக்கொண்டிருந்து, 2023இல் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துதான் ஒன்றாயின. அந்தப் புதுச் சட்டத்தில் உள்ளூர் அளவில் பொதுச் சுகாதாரக் குழு உண்டு, உள்ளாட்சித் தலைவரும் மருத்துவ அதிகாரியும் அதில் உண்டு. நாளை சட்டத்தைத் திருத்தும்போது, சேவையை மாற்றும் முன் மக்களைக் கேட்பது என்ற ஒரு பிரிவை அந்தக் குழுவின் கடமையாகச் சேர்த்தால் போதும். புதிதாக ஓர் அலுவலகம் வேண்டாம்.

இந்த ஊரில் எப்படிக் கேட்பது? கேட்பதற்கு முதலில் மொழி வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள டோபி கானாவில் பரம்பரையாகத் துணி வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள், சேர்லாய் பக்கத்துக் கொங்கணியர், குஜராத்தித் தெரு, கச்சி மேமன்கள், தக்கினி பேசும் முஸ்லிம்கள், தெலுங்கர், கன்னடியர், இப்போது வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள். எல்லாருக்கும் பேச மலையாளம் வரும். வாசிக்கப் பலருக்கு வராது. ஆபீஸ் வாசலில் ஒட்டிய அறிவிப்பு அவர்களைச் சேர்வதில்லை.

இந்த மண்ணில் முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்டார். டச்சு ஆளுநர் வான் ரீட். மலபாரின் மூலிகைகளைப் பற்றி அவர் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் சொன்னதும், கொங்கணி வைத்தியர்கள் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் சொன்னதும் அதில் உண்டு. தாங்கள்தான் சொன்னோம் என்று அவர்கள் அவரவர் மொழியில், அவரவர் எழுத்தில் கொடுத்த சான்றுகள் 1675ஆம் ஆண்டுத் தேதியோடு அந்த நூலிலேயே அச்சாகியிருக்கின்றன. வான் ரீட் நம் நன்மைக்காகக் கேட்கவில்லை. டச்சுக் கம்பெனிக்கு மருந்து வேண்டியிருந்தது, அதற்காகக் கேட்டார். ஆனால் யாரைக் கேட்டேன், அவர் பெயர் என்ன, அவர் என்ன சொன்னார் என்று எழுதிவைத்தார். நம் மாநகராட்சிக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து சொன்னது எந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது?

மொழிக்கு அடுத்தது நேரம். இந்தத் துறைமுகத்தில் சாப்பா என்று ஒரு முறை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். காலையில் வேலைக்குக் கூடியவர்கள் நடுவே உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டி மோதிப் பிடித்தவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15ஆம் தேதி இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ படம் அந்தக் கதை. வீசியெறிவதைப் பொறுக்க மாட்டோம், உரியதை முறையாகக் கொடு என்று ரத்தம் சிந்திச் சொன்ன ஊர் இது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் காலை பதினொரு மணிக்கு, வேலை நாளில் ஒரு கூட்டம் வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று குறிப்பு எழுதினால் அது நியாயமாகாது. பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவர், மீன் விற்கிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் எல்லாரும் வரக்கூடிய நேரம் ராத்திரி ஏழுக்குப் பிறகு, அல்லது ஞாயிற்றுக்கிழமை.

தூரத்தையும் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் பெண்கள்–குழந்தைகள் ஆஸ்பத்திரியும், ஃபோர்ட் கொச்சியிலும் கருவேலிப்படியிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி வரைபடத்தில் பார்த்தால் காயலுக்கு அக்கரை, அவ்வளவுதான். வரைபடத்தைப் பார்த்து ஒரு பிரிவை அங்கே சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வாட்டர் மெட்ரோ 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வந்துவிட்டதே என்றும் சொல்லலாம். நள்ளிரவில் வலி கண்ட பெண்ணுக்கு அந்தப் படகு கிடையாது. தோப்பும்படி சுற்றி, பாலங்களைத் தாண்டி, மழையில் ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். எத்தனை நிமிடம் ஆகும், எவ்வளவு கேட்பான் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அந்த அறிவு முடிவெடுக்கும் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்த அறிவை வீடு வீடாகச் சுமப்பவர்கள் ஆஷா பணியாளர்கள். அவர்களில் ஒரு பிரிவினர் 2025 பிப்ரவரி 10 முதல் எட்டு மாதத்துக்கும் மேலாகத் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போராடினார்கள். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்க எட்டு மாதம் தெருவில் உட்கார வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

வெளிநாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் 2007இல் ஒரு சட்டம் போட்டு, 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை கூட்டுகிறார்கள். அரசும் நிபுணரும் ஊர்க்காரரும் ஒரே கூடத்தில். பிரிட்டனில் 1985இல் லண்டன் பிரென்ட் பகுதிப் பள்ளிகளை மூடுவது பற்றி ஒரு வழக்கு வந்தது. அதிலிருந்து நான்கு விதிகள் நிலைத்தன. முடிவு உருவாகும் முன்பே கேட்க வேண்டும். ஏன் இந்த மாற்றம் என்பதை, பதில் சொல்லும் அளவுக்கு விளக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு எடைபோட வேண்டும். பள்ளிக்காகப் பிறந்த விதிகளை வைத்துத்தான் அங்கே ஆஸ்பத்திரி மாற்றங்களையும் இன்று நீதிமன்றங்கள் அளக்கின்றன. நான்கில் நம் நாட்டில் அதிகம் மீறப்படுவது முதல் விதி. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்ட பிறகு கருத்துக் கேட்கிறார்கள்.

நான் ஐந்தாவதாக ஒன்று சேர்ப்பேன். பதில் எழுத்தில் வர வேண்டும். நீங்கள் சொன்னதை ஏற்றோம், அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று. ஏற்காமல் போவதைக்கூட மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். பணமில்லை, டாக்டர் கிடைக்கவில்லை என்றால் புரிந்துகொள்வார்கள். பதிலே இல்லாத மௌனத்தைத்தான் தாங்க முடியாது. ஒருமுறை பேசிப் பதில் கிடைக்காதவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். பிறகு மக்களுக்கு அக்கறை இல்லை என்று பேர்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டு கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது, சுகாதாரம் பற்றி என்ன எழுதப்பட்டது என்று கவுன்சிலரிடம் போய்க் கேளுங்கள். நல்ல கவுன்சிலர் மகிழ்ச்சியோடு காட்டுவார். ஆஸ்பத்திரி மேலாண்மைக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். ஓபி சீட்டுக்கு எவ்வளவு, பெஞ்சு எங்கே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் யார் என்பதெல்லாம் அங்கே பேசப்படுவது. கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் மட்டும் பேசி முடித்துவிட விடாதீர்கள். வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதுங்கள்.

எழுத மலையாளம் வராதே என்று தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் 1973ஆம் ஆண்டுத் திருத்தமும் தமிழருக்கும் கன்னடியருக்கும் ஓர் உரிமையைக் கொடுத்திருக்கின்றன. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் நாம் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். உள்ளூர் அலுவலகங்களுக்கு மட்டும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில்தான் இது செல்லும். ஆஸ்பத்திரியில் டாக்டரை நியமிப்பதும் மாற்றுவதும் திருவனந்தபுரத்தில் நடப்பதால், நமக்கு வேண்டிய முகவரியே அதுதான். பக்கத்து வீட்டுக் கொங்கணிக்காரருக்கும் குஜராத்திக்காரருக்கும் அவர்கள் மொழியில் எழுத இந்த உரிமை இல்லை, ஆங்கிலத்தில்தான் எழுதலாம். அவர்களுடைய கேள்வியையும் கேட்டு வாங்கி, நம் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். சுகாதாரத் துறை இயக்குநர், திருவனந்தபுரம் என்று முகவரி எழுதினால் போதும், கடிதம் போய்ச் சேரும்.